சொந்த லாகின்

ஜெகநாதன் நான்கு லேபிள்களையும் மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தார். நான்கிலும் ஒரே பார்ட் நம்பர். கடைசி இரண்டு இலக்கம் மட்டும் 03 என்று இருந்தது. 04 என்று இருந்திருக்க வேண்டும்.

"என்னம்மா இது?" என்றார்.

செந்தாமரை குனிந்து பார்த்தாள். அட்டைப்பெட்டியிலிருந்து பிய்த்ததால் லேபிள்களின் பின்புறத்தில் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. ஒரு மூலையில் செம்மண். ஒரகடத்தில் கார் கம்பெனியின் கேட்டுக்கு வெளியே நேற்று மதியத்திலிருந்து லாரி நிற்கிறது என்று காலையில் பஸ்ஸிலேயே பேசிக்கொண்டார்கள். அந்த லாரியிலிருந்து வந்தவை போலும். இவர்கள் கம்பெனி செய்வது காரின் கதவுப் பூட்டு. பூட்டுக்குள் இருக்கும் ஒரு ஸ்பிரிங்கைப் போன வாரம் மாற்றினார்கள். ஸ்பிரிங் மாறினால் பூட்டின் எண்ணும் மாற வேண்டும். மூன்று நான்காக வேண்டும். பெட்டிக்குள்ளே புதுப் பூட்டு, பெட்டிக்கு மேலே பழைய எண் என்று இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் போயிருந்தன. அங்கே ஸ்கேன் செய்தவன் திருப்பி அனுப்பிவிட்டான். டெஸ்பாட்ச் ஆட்கள் இரண்டு பேர் இப்போது அந்த வெயிலில் லாரிமேல் உட்கார்ந்து லேபிள் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"திங்கக்கெழமயே மாத்திட்டேன் சார்."

"மாத்தியிருந்தா ஏன் மூணுன்னு வருது?"

"தெரியல சார். ஆனா நான் மாத்தினேன்."

ஜெகநாதன் கத்துகிற ஆள் இல்லை. குவாலிட்டி மேனேஜர், பதினெட்டு வருஷ சர்வீஸ், எல்லாப் பெண்களையும் 'அம்மா' போட்டுத்தான் பேசுவார். கத்தினால் திருப்பிக் கத்தலாம். இந்த 'அம்மா'வை என்ன செய்வது என்று செந்தாமரைக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை.

கம்ப்யூட்டரில் லேபிள் சாஃப்ட்வேரைத் திறந்து காட்டினாள். பட்டியலில் அந்தப் பூட்டுக்கு நேராக 04 என்று இருந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் டில்லிபாபு, "கொஞ்சம் எந்திரிம்மா" என்று அவளை எழுப்பிவிட்டு, அவள் லாகினை மூடினார். தன் லாகினில் நுழைந்தார். அதே கம்ப்யூட்டர், அதே சாஃப்ட்வேர், அதே பட்டியல். 03.

ஜெகநாதன் அந்த மூன்றின்மேல் விரலை வைத்தார்.

"காத்தால வந்து மாத்திகினியா?" என்றார் டில்லிபாபு. கோபமாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"காத்தால மாத்தியிருந்தா உங்க லாகின்லயும் நாலு வரணும்ல அண்ணே?"

ஜெகநாதனுக்குப் பதில் தேவைப்படவில்லை. "இவர் லாகின்ல மூணு. செகண்ட் ஷிஃப்ட் ஷெர்லின் அடிச்சதும் மூணு. நைட் ஷிஃப்ட் அடிச்சதும் மூணு. உன் ஒருத்திதுல மட்டும் நாலு. மத்தியானம் ரெண்டரைக்கு ரிப்போர்ட் கஸ்டமருக்குப் போகணும். கம்ப்ளெய்ண்ட் ரெஜிஸ்டர்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கும் பாரு, அதுல நீயே உன் லாகின்ல போட்டுடு. கவனக்குறைவால மாத்த மறந்துட்டேன்னு. இங்கிலீஷ்ல போடு. ட்ரெய்னிங் குடுத்தாச்சுன்னு மீதிய நான் போட்டுக்கறேன். அவ்வளவுதாம்மா."

லேபிள்களை எடுத்து அடுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

டில்லிபாபு போகவில்லை. "ஜனவரி லிஸ்ட்ல உன் பேரு ரெண்டாவதா கீது" என்றார். காண்ட்ராக்ட் ஆட்களில் மூன்று பேரை ஜனவரியில் கம்பெனி ஆளாக எடுக்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்த ரகசியம் அது. "கம்ப்ளெய்ண்ட்ல பேர் வந்தா லிஸ்ட்டுலேர்ந்து அடிச்சிடுவாங்க. போடலன்னா காண்ட்ராக்டர்கிட்ட சொல்லி திங்கக்கெழமைலேர்ந்து வராதன்னுடுவாங்க. எதுக்கும் யோசிச்சிக்கோ." பிறகு, தயங்கி, "என் லாகின்லயே மாத்தச் சொன்னேன்ல அன்னிக்கு?" என்றார்.

சொன்னார்தான். அதுதான் அவளைக் குத்தியது.

இரண்டு வருஷமாக அந்த மேசையில் உட்கார்ந்த எல்லாரும் டில்லிபாபுவாகத்தான் உட்கார்ந்தார்கள். மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே லாகின். கீபோர்டைக் கவிழ்த்தால் அடியில் ஒட்டிய லேபிள் தாளில் பாஸ்வேர்டு இருக்கும். அவர் மகள் பெயரும் பிறந்த வருஷமும். ஜூனில் ஆடிட்டுக்கு வந்தவர் ரெக்கார்டைப் புரட்டிவிட்டு, "டில்லிபாபுங்கறவர் எப்போ தூங்குவார்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே அதைக் குறையாக எழுதி வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே ஆளுக்கொரு லாகின் வந்தது. ஷெர்லினுக்கு அது ஒரு தொல்லை. "இன்னொரு பாஸ்வேர்டு வேற ஞாபகம் வெச்சிக்கணுமா?" என்று அலுத்துக்கொண்டாள். நைட் ஷிஃப்டில் இன்றைக்கும் கீபோர்டைக் கவிழ்த்துத்தான் பார்க்கிறார்கள்.

செந்தாமரைக்கு அப்படி இல்லை. திரையில் முதல்முறை 'செந்தாமரை கோ.' என்று வந்தபோது ஒரு நிமிஷம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெயரைக் கொண்டுவர அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். காலேஜ் சேரும்போது முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக தன் ஊர் மண்ணூரிலிருந்து தாலுகா ஆபீசுக்கு நான்கு தடவை அலைந்தாள். வீட்டில் அதுவரை ஒருத்தரும் பட்டப்படிப்புப் படிக்கவில்லை என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுக்கும் தாள் அது. அதைக் காட்டினால் ஃபீஸில் சலுகை. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ், எழுபத்தெட்டு சதவீதம். இப்போது காண்ட்ராக்டரின் ரெஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேராக 'ஹெல்பர்' என்று இருக்கிறது. கழுத்தில் அடையாள அட்டைக்குப் பச்சைக் கயிறு. கம்பெனி ஆட்களுக்கு நீலம். இதற்கெல்லாம் நடுவில் ஒரு கம்ப்யூட்டர், காலை ஆறு மணிக்கு அவள் பெயரைச் சொல்லி வரவேற்றது. அதனால் திங்கட்கிழமை எண்ணை மாற்றச் சொல்லி மெயில் வந்து, டில்லிபாபு "என் லாகின்ல போய் மாத்திடும்மா" என்றபோது, "எனக்கே கீதுண்ணே" என்றாள். மாற்றினாள். சேவ் கொடுத்தாள். சேவ் ஆகிவிட்டது என்று வந்தது. மூடித் திறந்து பார்த்தாள். நாலு என்றே இருந்தது. அதற்குப் பிறகு தினமும் காலையில் முதல் லேபிளை அடித்துச் சரிபார்த்து செக்லிஸ்டில் டிக் போட்டிருந்தாள்.

லைனிலிருந்து பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. லேபிள் அடித்துக்கொடுத்துக்கொண்டே, நடுவில் கிடைத்த நிமிஷங்களில், அந்தப் பட்டியல் எந்த ஃபைலில் இருக்கிறது என்று பார்த்து, அதன் பெயரைக் கம்ப்யூட்டர் முழுக்கத் தேடவிட்டாள். பத்து நிமிஷம் போல ஓடியது. ஒரே பெயரில் இரண்டு ஃபைல் வந்து நின்றது. ஒன்று சாஃப்ட்வேர் இருக்கும் ஃபோல்டரில்; கடைசியாக மாறிய தேதி மார்ச் மாதம். இன்னொன்று எங்கோ உள்ளுக்குள் உள்ளாக, ஃபோல்டருக்குள் ஃபோல்டராக, அவள் பெயரிலேயே இருந்த ஒரு ஃபோல்டரில். தேதி திங்கட்கிழமை. நேரம் பதினொன்று பத்து.

காண்ட்ராக்ட் ஆட்களின் ஃபோனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். படம் எடுக்க முடியாது. பேனாவால் இடது உள்ளங்கையில் ஃபோல்டர் பெயரையும், திங்கள் 11.10 என்றும் எழுதிக்கொண்டாள்.

டீ பிரேக்கில் ஆபீஸ் பக்கம் போனாள். அவள் அம்மா கிளியம்மாள் அங்கேதான் ஹவுஸ்கீப்பிங். மகளுக்கு முன்பே இந்தக் கம்பெனிக்கு வந்தவள். தரையைத் துடைத்துக்கொண்டே விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"மறந்துட்டேன்னு போட்டா இன்னா கொறஞ்சிடும்? எவனோ கொட்ன டீய நான் தெனம் தொடச்சிகினுதான கீறேன். யார் கொட்னதுன்னு கேட்டுகினா இருக்கேன்?"

"நீதான் கொட்டினேன்னு எழுதிக் குடுக்கச் சொன்னா குடுப்பியாம்மா?"

கிளியம்மாள் மாப்பைப் பக்கெட்டில் முக்கிப் பிழிந்தாள். "கேட்டாங்கன்னா குடுப்பேன். வேல வோணும்ல." பிறகு, "விமல் தம்பி வந்துகீது. உள்ள ஏசி போட்டுகினு ஒக்காந்துகீது" என்றாள்.

விமல்தான் ஐடி. செவ்வாய், வெள்ளி மட்டும் காஞ்சிபுரத்திலிருந்து வருவான். ஐடி ரூம் கதவில் செந்தாமரை தன் கார்டைக் காட்டினாள். சிவப்பு விளக்கு. அம்மா பின்னாலிருந்து எட்டித் தன் கார்டைக் காட்டினாள். பீப் என்று பச்சை எரிந்தது. இந்தக் கம்பெனியில் எம்.டி. ரூமிலிருந்து சர்வர் ரூம் வரை அம்மாவுக்குத் திறக்காத கதவு கிடையாது. குப்பை எல்லா ரூமிலும் சேருமே. பக்கெட் முதலில் உள்ளே போனது, பின்னால் செந்தாமரை.

விமல் அவள் உள்ளங்கையைப் படித்தான். உடனே புரிந்துவிட்டது அவனுக்கு. அவளுக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஆமா, அப்பிடித்தான் ஆவும். ஜூன்ல குடுத்த உங்க புது லாகின்ங்களுக்கு சாஃப்ட்வேர் ஃபோல்டர்ல எழுத பர்மிஷன் கெடையாது, டில்லிபாபு அண்ணனோட பழைய லாகினுக்குத்தான் உண்டு. ஹெட் ஆபீஸ் ரூல்."

"பர்மிஷன் இல்லன்னா இல்லன்னு சொல்லணும்ல? சேவ் ஆயிடுச்சின்னு ஏன் சொல்லுது?"

"புது சாஃப்ட்வேர்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடும். இது ரொம்பப் பழசு. இல்லன்னு சொன்னா இதுக்குத் தாங்காது, நின்னுடும். அதனால விண்டோஸ் இன்னா பண்ணும்னா, சரி சரி எழுதிட்டேன்னு அதுகிட்ட சொல்லிட்டு, உன் பேர்ல இருக்கற ஃபோல்டர்ல தனியா ஒரு காப்பி எழுதி வெச்சிடும். அதுக்கப்பறம் நீ எப்ப தொறந்தாலும் உனக்கு அந்தக் காப்பியத்தான் காட்டும். மத்தவங்களுக்கு ஒரிஜினல்."

"அப்ப நாலு நாளா நான் பாத்தது?"

"உன்னுது. உனக்கு மட்டும்."

அம்மா மேசைக்கு அடியில் குனிந்து குப்பைக் கூடையைக் காலி செய்துகொண்டிருந்தாள். செந்தாமரைக்கு அந்த நான்கு டிக்குகள் ஞாபகம் வந்தன. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, நேராக. இல்லை என்று ஒருத்தன் முகத்துக்கு நேரே சொன்னால் ஏன் இல்லை என்று சண்டை போடலாம். தாலுகா ஆபீசில் அப்படித்தான் போட்டாள். இது அவளிடம் சரி என்றது. நான்கு நாள் சரி, சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

"இத எழுதிக் குடு விமல்."

"நானா?" அவன் தன் கழுத்துக் கயிற்றைத் தூக்கிக் காட்டினான். மஞ்சள். "நானே வெண்டர் ஆளு, வெளிக் கம்பெனி. லாகின் போட்டது நானு. எழுதினா என் தலையில விடியும். ஒன்னு பண்றேன். அந்த லேபிள் லிஸ்ட் ஃபைலுக்கு மட்டும் பர்மிஷன் குடுத்து, உன் காப்பிய எடுத்து ஒரிஜினல்ல போட்டுடறேன். ரெண்டு நிமிஷம்." உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏதோ தட்டினான். "முடிஞ்சிது. இனிமே எல்லாருக்கும் நாலு."

"மத்த ஃபைலுங்க? கம்ப்ளெய்ண்ட் ரெஜிஸ்டர்லாம் அதே ஃபோல்டர்லதான கீது?"

"அதுக்கு ஹெட் ஆபீசுக்கு மெயில்ல ரிக்வெஸ்ட் டிக்கெட் போடணும்."

"எனக்கு மெயில் ஐடியே குடுக்கல."

"அப்ப மேனேஜரப் போடச் சொல்லு" என்றான் விமல்.

ஒன்றேகாலுக்கு ஜெகநாதன் லைன் பக்கம் வந்தபோது பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையை நீட்டி, இரண்டு ஃபைல், இரண்டு தேதி, விமல் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் மறிப்பார் என்று நினைத்து வேகமாகச் சொன்னாள். அவர் மறிக்கவில்லை. முழுசாகக் கேட்டார். ஒரு இடத்தில் தலையைக்கூட ஆட்டினார்.

"புரியுதும்மா" என்றார். "நீ சொல்றது கரெக்ட்தான்."

அவள் இதற்குத் தயாராக இல்லை.

"ஆனா இதைக் காரணம்னு போட்டா கஸ்டமர் என்ன கேப்பான் தெரியுமா? ஜூன்லேர்ந்து எந்தெந்த லேபிள் யார் யாரோட காப்பியிலேர்ந்து போச்சுன்னு கேப்பான். பத்து பேரு சிஸ்டம் ஆடிட்டுன்னு வந்து ஒரு வாரம் உக்காருவாங்க. ஆர்டரே நிக்கும். மனுஷ தப்புன்னா ஒரு மணி நேரம் ட்ரெய்னிங், ஒரு கையெழுத்து, முடிஞ்சுது."

"அப்ப தப்பு யாருதுங்க சார்?"

"தப்பு யாருதுன்னு எவன் கேக்கறான்? காரணம் என்னன்னுதாம்மா கேக்கறான்." சொல்லிவிட்டு அவரே சற்று நின்றார். "ஜனவரிய நான் பாத்துக்கறேன். கவலைப்படாத."

"அத எழுதிக் குடுப்பீங்களா சார்?"

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஃபோன் அடித்தது, எடுத்து, "வந்துட்டே இருக்கு சார், ரெண்டரைக்கு வந்துடும்" என்று பேசிக்கொண்டே கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

செந்தாமரை மேசைக்குத் திரும்பினாள். டில்லிபாபு இரண்டு விரலைக் காட்டி 'ரெண்டு மணிக்குள்ள' என்று தூரத்திலிருந்தே ஜாடை செய்தார். அவள் தன் லாகினில் நுழைந்தாள். பெயர் வந்தது. கம்ப்ளெய்ண்ட் ரெஜிஸ்டரைத் திறந்தாள். தேதி, கஸ்டமர், பெட்டிகளின் எண்ணிக்கை எல்லாம் காலையிலேயே ஜெகநாதன் போட்டு வைத்திருந்தார். காரணம் என்ற கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

மறந்துவிட்டேன். இரண்டு மூன்று வார்த்தை ஆங்கிலம். அடிக்க ஐந்து நொடி. அப்புறம் ஜனவரி வரை ஜெகநாதனின் சிரிப்பை நம்பிக்கொண்டிருக்கலாம். அம்மாவாக இருந்தால் அடித்திருப்பாள், அவளுக்கு அடிக்கத் தெரிந்திருந்தால். அம்மாவின்மேல் கோபம் இல்லை. அம்மா அத்தனை வருஷம் பிறர் கொட்டியதைத் துடைத்துத்தான் இவளைப் படிக்க வைத்தாள். படிக்க வைத்து எங்கே கொண்டுவந்து உட்கார வைத்தாள் என்று பார்த்தால், 'நான் கொட்டினேன்' என்று ஆங்கிலத்தில் எழுதுகிற இடத்தில்.

அடித்தாள். அவள் ஆங்கிலம் நீளமாகப் போகாது. சின்னச் சின்ன வாக்கியமாகப் போட்டாள். எண்ணைத் திங்கட்கிழமை பதினொன்று பத்துக்குச் செந்தாமரை மாற்றினாள். சேவ் ஆனதாகச் சாஃப்ட்வேர் காட்டியது. இந்த லாகினுக்கு மாற்ற அனுமதி இல்லை. அனுமதி இல்லை என்று எங்கேயும் சொல்லப்படவில்லை. மாற்றம் செந்தாமரைக்கு மட்டுமே தெரியும்படி தனி நகலில் போய்விட்டது. மற்ற லாகின்கள் பழைய எண்ணையே அடித்தன.

ஒருமுறை படித்துப் பார்த்து ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாள். சேவ் கொடுத்தாள்.

சேவ் ஆகிவிட்டது என்று வந்தது.

கை அப்படியே மௌஸின்மேல் நின்றது. மூடித் திறந்தாள். அவள் எழுதியது இருந்தது, ஒரு எழுத்து குறையாமல். திங்கட்கிழமையும் இப்படித்தான் இருந்தது. இரண்டரைக்கு ஜெகநாதன் தன் ரூமில், தன் லாகினில் இதைத் திறப்பார். இதையே பார்ப்பாரா, காலியான கட்டத்தைப் பார்ப்பாரா? காலியாக இருந்தால் அவரே மறந்துவிட்டேன் என்று அடித்து அனுப்பிவிடுவார். இவள் இங்கே தன் திரையில் உண்மையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மறுபடி அந்த ஃபைலைத் தேடிப் பார்க்கலாமா என்று யோசித்தாள். விரல் கீபோர்டு வரை போய் நின்றுவிட்டது. இந்த லாகினில் எது வந்தாலும் இனி அதை எப்படி நம்புவது?

ஒன்றேமுக்காலுக்கு ஷெர்லின் வந்தாள். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்த துப்பட்டாவை உதறிக்கொண்டே, "இன்னாடி, கேட்டுல செக்யூரிட்டி வரைக்கும் உன் கததான் ஓடுது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "காத்தால மாத்திட்டு திங்கக்கெழமன்னு சொன்னியாமே?"

"நீயும் அப்பிடித்தான் நெனைக்கிறியா?"

ஷெர்லின் துப்பட்டாவைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "என்னுதுல மூணுதான்டி இருந்துது. நான் கண்ணால பாத்தேன்."

"நானும் கண்ணாலதான் பாத்தேன்."

செந்தாமரை தன் லாகினை மூடிவிட்டு எழுந்து, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள். "ஒக்காரு. உன் லாகின்ல போ. கம்ப்ளெய்ண்ட் ரெஜிஸ்டரத் தொற. காரணம்னு ஒரு கட்டம் கீது. அதுல இன்னா இருக்குன்னு படிச்சி எனக்குச் சொல்லு."

"இன்னா இருக்கும்?"

"நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

"ஒன்னுமே இல்லன்னா?"

செந்தாமரை கீபோர்டைப் பார்த்தாள். அதன் அடியில் டில்லிபாபுவின் மகள் பெயர் இன்னும் ஒட்டியிருந்தது. அந்த லாகினில் எழுதினால் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எழுதியது டில்லிபாபு என்று இருக்கும்.

"மொதல்ல தொறடி" என்றாள்.

ஷெர்லின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாஸ்வேர்டை முதல் தடவை தப்பாக அடித்தாள். "ச்சே, பாரு, இதுக்குத்தான் சொன்னேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு மறுபடி அடித்தாள். லைனில் ஷிஃப்ட் முடிகிற சைரன் ஒலித்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஜெகநாதன் கையில் காகிதங்களோடு தன் ரூமை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் கிளியம்மாள் மாப்பை ஒதுக்கி வழிவிட்டாள். செந்தாமரையின் உள்ளங்கையில் வேர்வை பட்டுப் பதினொன்று பத்து நீலமாகக் கரைந்து ரேகைகளில் இறங்கியிருந்தது. அவள் கையை மூடிக்கொண்டாள். திரையில் ஷெர்லின் என்ற பெயருக்குக் கீழே சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.